ஆன் செய்தால் தினமும் ‘எஃப்1 அழுத்து’ என்று வந்து நிற்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு டெஸ்க்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸ் வராது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நாலு வரி வந்து, கடைசி வரியில் எஃப்1 அழுத்தச் சொல்லிக் காத்திருக்கும். அழுத்தினால் எதுவுமே நடக்காததுபோல விண்டோஸ் வந்துவிடும், மறுநாள் காலையில் திரும்பவும் அதே நாலு வரி. சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கூடப் படித்தவர்கள் என்று இதைப் பற்றி என்னிடம் கேட்டவர்கள் நிறைய. போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். அவசரமாக வந்தவர்களுக்கு மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் மதர்போர்டில், அதாவது கேபினட்டுக்குள் எல்லாப் பாகங்களும் செருகியிருக்கும் பலகையில், இருக்கும் ஒரு ரூபாய்க் காசு அளவு பட்டன் செல் தீர்ந்திருக்கும், மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் எஃப்1 என்ற வரிக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அது ஏன் என்று மூன்றாவது கேள்வியில் சொல்கிறேன்.

என் திரையில் வருவது இந்தச் செய்திதானா?

போர்டுக்குப் போர்டு வார்த்தை மாறும். (விண்டோஸ் வருவதற்கு முன்னால் ஓடும், போர்டிலேயே இருக்கும் சின்ன மென்பொருள்தான் பயாஸ், அதன் அமைப்புகளை மாற்றும் பக்கம்தான் செட்டப். சிமாஸ், செக்சம் என்றால் என்ன என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.) பழைய அவார்ட் பயாஸ் உள்ள போர்டுகளில் ‘சிமாஸ் செக்சம் எரர், டிஃபால்ட்ஸ் லோடட்’ என்று வரும், அதன் கீழே தொடர எஃப்1, செட்டப்புக்குள் போக டெலிட் கீ என்று இருக்கும். அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் என்ற பெயர் தெரியும் போர்டுகளில் ‘சிமாஸ் பேட்டரி லோ’, ‘சிமாஸ் செட்டிங்ஸ் ராங்’, ‘சிமாஸ் டேட் டைம் நாட் செட்’ ஆகியவற்றில் ஒன்று வரலாம், மூன்றும் சேர்ந்தே வரலாம். இந்தப் போர்டுகள் பலவற்றில் எஃப்1 அழுத்தினால் செட்டப்புக்குள் போகும், எஃப்2 அழுத்தினால்தான் நேராக விண்டோஸுக்குப் போகும், அதனால் எந்தக் கீ என்று திரையைப் பார்த்தே அழுத்துங்கள். டெல் நிறுவனக் கம்ப்யூட்டர்களில் ‘டைம் ஆஃப் டே நாட் செட்’ என்று வரும், ஹெச்பி டெஸ்க்டாப்பில் 163 என்ற எண்ணுடன் தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை என்று வரும். சில லேப்டாப்புகளில் 0271 அல்லது 0251 என்ற எண்ணைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே நோய்தான்.

திரை சட்டென்று மறைந்துவிடுகிறது, படிக்க முடியவில்லை என்றால் போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பாருங்கள்.

கம்ப்யூட்டர்தான் கரண்டில் ஓடுகிறதே, உள்ளே எதற்கு ஒரு பேட்டரி?

இரண்டு வேலைக்கு. ஒன்று, கரண்ட் இல்லாத நேரத்திலும் கடிகாரம் ஓட வேண்டும். போர்டில் ஒரு சின்னக் குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது, கைக்கடிகாரத்தில் இருப்பதைப் போலவே விநாடிக்கு 32,768 தடவை அதிரும், அதை எண்ணித்தான் நேரம் கணக்காகிறது. இரண்டு, பயாஸில் நாம் செய்து வைத்த அமைப்புகள், அதாவது எந்த டிஸ்கிலிருந்து விண்டோஸ் ஏற வேண்டும், தேதி என்ன, டிஸ்க் எந்த முறையில் பேச வேண்டும் என்பதெல்லாம் சிமாஸ் என்ற சின்ன நினைவகத்தில் இருக்கும், கரண்ட் போனால் அதுவும் அழிந்துவிடும்.

1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இப்படி ஒன்று கிடையாது, ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தேதியைக் கையால் அடிக்க வேண்டும். 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில்தான் மோட்டோரோலாவின் ஒரு சிப்பை வைத்துப் பேட்டரியும் கொடுத்தார்கள். அந்தச் சிப்பில் மொத்தமே 64 பைட், அதில் 14 கடிகாரத்துக்கு, மீதி 50 அமைப்புகளுக்கு. இன்றைய போர்டுகள் பலவற்றில் அமைப்புகள் பேட்டரி தேவைப்படாத ஃபிளாஷ் சிப்பில் உட்கார்ந்துவிட்டன. ஆனாலும் கடிகாரத்துக்கு அந்த பட்டன் செல் வேண்டும்.

‘செக்சம்’ என்பது கூட்டுத்தொகை. நினைவகத்தில் உள்ள எண்களையெல்லாம் கூட்டி, வந்த விடையையும் அதே இடத்தில் ஓர் ஓரத்தில் எழுதி வைத்திருக்கும். ஆன் செய்ததும் திரும்பக் கூட்டிப் பார்க்கும், விடை ஒத்துவரவில்லை என்றால் யாரோ என்னவோ மாற்றியிருக்கிறார்கள் அல்லது அழிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு, இருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தொழிற்சாலை அமைப்பை எடுத்துக்கொள்ளும். அதைத்தான் உங்களிடம் சொல்லிவிட்டு எஃப்1க்குக் காத்திருக்கிறது.

எஃப்1 அழுத்தினால் ஓடுகிறதே, அப்படியே விட்டுவிட்டால் என்ன?

கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைசியில் வந்து சேரும் கேள்வி இது, என்னால் அழுத்திச் சொல்ல முடிந்த பதிலும் இதுதான். விடாதீர்கள்.

கடிகாரம் தவறுவது முதல் தொல்லை. செல் செத்த போர்டு ஒவ்வொரு காலையும் பயாஸ் எழுதப்பட்ட வருடத்துக்குத் திரும்பிப் போகும், 2009 ஜனவரி 1 என்றோ 2014 என்றோ காட்டும். அந்தத் தேதியில் வங்கி இணையதளமோ தேர்வு விண்ணப்பமோ திறந்தால் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று பிரவுசர் மறுத்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு, உங்கள் கம்ப்யூட்டரின் கணக்குப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. ‘நெட்டே வேலை செய்யவில்லை’ என்று இணைப்புக் கொடுத்தவரிடம் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும், காரணம் வலது கீழ் மூலையில் இருந்த வருடம். இணையத்தோடு சேர்ந்ததும் விண்டோஸ் நேரத்தைத் தானே திருத்தும் என்பது உண்மைதான், ஆனால் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் பல சமயம் திருத்தாமல் விட்டுவிடும், நாம்தான் கையால் மாற்ற வேண்டும்.

இரண்டாவது தொல்லைதான் பெரியது. கை பழகிவிடும். என் மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்றரை வருடம் சிமாஸ் செய்தி வந்துகொண்டிருந்தது, அத்தை ஆன் செய்துவிட்டு எஃப்1ஐத் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார், திரும்பி வரும்போது விண்டோஸ் வந்திருக்கும். ஒருநாள் அந்த நாலு வரியில் ஒரு வரி மாறியிருக்கிறது. ‘ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட், பேக்கப் அண்ட் ரீப்ளேஸ்’ என்ற வரி அது. ஹார்ட் டிஸ்க் தன் உடம்பைத் தானே சோதித்துப் பார்த்து, சாகப் போகிறேன், உள்ளே இருப்பதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் செய்தி. அதன் கீழேயும் அதே எஃப்1. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. தாத்தாவின் சதாபிஷேகப் படங்கள் மொத்தமும் அதில்தான் இருந்தன, வேறு பிரதி கிடையாது. மீட்டுத் தருகிறோம் என்ற இடத்தில் கேட்ட தொகை மாமாவால் கொடுக்கக்கூடியதாக இல்லை. தாத்தா அடுத்த வருடம் போய்விட்டார். அந்த மூன்று வாரத்தில் யாராவது ஒரு தடவை அந்த வரியைப் படித்து என்னிடம் சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் பென் டிரைவில் ஏற்றியிருப்பேன்.

சில பத்து ரூபாய் செல்லுக்காக நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம். சின்னச் செய்தியைச் சரி செய்து திரையைச் சுத்தமாக வைத்திருந்தால்தான் பெரிய செய்தி வரும்போது கண்ணில் படும்.

‘ஸ்மார்ட்’ என்ற வரி உங்கள் திரையில் இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறு டிஸ்கில் எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

செல்தான் போயிருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

ஒரு சின்னச் சோதனை. திரையில் சொல்லும் கீயை அழுத்திச் செட்டப்புக்குள் போய்த் தேதியைச் சரியாக வைத்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். பிளக்கைப் பிடுங்காமல், சுவர் சுவிட்சையும் அணைக்காமல், ஷட்டவுன் மட்டும் செய்துவிட்டு அரை மணி கழித்து ஆன் செய்யுங்கள். செய்தி வரவில்லை, தேதியும் சரியாக இருக்கிறது. அடுத்து ஷட்டவுன் செய்து சுவர் சுவிட்சையும் அணைத்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் செய்தி வந்து தேதியும் பின்னால் போயிருந்தால் செல்தான், சந்தேகமே வேண்டாம்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் செல்லைக் கழற்றி அளந்து பாருங்கள். புதுச் செல் 3 வோல்ட்டுக்கு மேலே, 3.2 வரைக்கும்கூடக் காட்டும். 2.8க்குக் கீழே வந்திருந்தால் மாற்றிவிடலாம், 2.5 என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நேரம் பின்தங்குகிறது என்றால் அது செல்லின் குற்றம் இல்லை. அணைத்து வைத்த நேரத்தில் மட்டும்தான் செல்லுக்கு வேலை.

ராத்திரி சுவர் சுவிட்சை அணைக்கிறோம், அதனால்தான் செல் சீக்கிரம் தீர்கிறதா?

ஆமாம், ஆனால் அதற்காக அந்தப் பழக்கத்தை விட வேண்டியதில்லை. ஷட்டவுன் செய்த பிறகும் சுவிட்ச் போட்டிருந்தால் எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளைப் பெட்டி, 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கரண்டைப் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும், கடிகாரம் அதிலேயே ஓடிவிடும், செல் சும்மா இருக்கும். சுவிட்சை அணைத்த நிமிடத்திலிருந்து சுமை செல்லுக்கு மாறும். இந்தச் செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. கடிகாரம் ஐந்து மைக்ரோ ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 44,000 மணி நேரம், அதாவது ஐந்து வருடம். அந்தக் கணக்கு, கம்ப்யூட்டர் பிளக்கிலிருந்து பிடுங்கியே கிடந்தால்.

நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலோடு மழை பெய்யும்போதும் வோல்டேஜ் ஏறி இறங்கும்போதும் செருகியே வைத்திருப்பதுதான் ஆபத்து. எஸ்எம்பிஎஸ் போனால் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். நாலைந்து வருடத்துக்கு ஒரு செல் வாங்குவது அதைவிட மிக மலிவு. அதனால் அணையுங்கள்.

எந்தச் செல் வாங்க வேண்டும்? எங்கே கிடைக்கும்?

வீட்டு டெஸ்க்டாப்புகளில் பெரும்பாலும் சிஆர்2032. பெயரிலேயே அளவு இருக்கிறது, 20 என்பது 20 மில்லிமீட்டர் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். வாட்ச் கடையில் கிடைக்கும், எலக்ட்ரிகல் கடையிலும் பெரும்பாலும் கிடைக்கும், கார் ரிமோட் சாவிகளிலும் சின்ன எடை மெஷின்களிலும் இதே செல்தான். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது, ஆனால் ஒரு செல்லுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

வாங்கும்போது நாலு விஷயம். அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் மூடியதாக இருக்க வேண்டும், டப்பாவில் குவித்து வைத்து எடுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள், ஒன்றோடொன்று உரசியே பாதி தீர்ந்திருக்கும். அட்டையில் காலாவதித் தேதி பாருங்கள். சிஆர்2025 ‘அதேதான் சார், போடலாம்’ என்று கொடுப்பார்கள், வோல்ட் அதேதான், ஆனால் 0.7 மில்லிமீட்டர் மெல்லியது, பிடியில் தளர்வாக உட்கார்ந்து தொட்டும் தொடாமலும் இருக்கும். அப்புறம் எல்ஐஆர்2032 என்று ஒன்று, பார்க்க அச்சாக இதேபோல இருக்கும், அது சார்ஜ் ஏற்றும் வகை, வோல்டேஜும் அதிகம். அது வேண்டவே வேண்டாம்.

நானே மாற்றலாமா? பயமாக இருக்கிறது.

மாற்றலாம். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் கேபினட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை, அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: பயாஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல்லைக் கழற்றினால் அமைப்புகள் போகலாம், பிறகு எது எப்படி இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. முக்கியமாக சாட்டா மோட் (டிஸ்க் பேசும் முறை) என்ற இடத்தில் ஐடிஇ, ஏஹெச்சிஐ, ரெய்டு இவற்றில் எது, பூட் (விண்டோஸை ஏற்றும் முறை) என்ற இடத்தில் புது முறையான யூஇஎஃப்ஐயா பழைய முறையான லெகசியா, முதல் டிஸ்க் எது, இந்த மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஏற்கெனவே தினமும் தொழிற்சாலை அமைப்புக்குப் போய்க்கொண்டிருக்கும் போர்டாக இருந்தால் இழக்க எதுவும் இல்லை, ஆனாலும் எடுத்துவையுங்கள்.

பிறகு ஷட்டவுன் செய்து, பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தேங்கிய கரண்ட் வடிந்துவிடும். ‘பிளக்கில் இருக்கும்போதே மாற்றினால் செட்டிங் போகாது’ என்று சிலர் சொல்வார்கள். செல்லோ ஸ்க்ரூ டிரைவரோ போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகிவிடும், அந்த யோசனையை எடுத்துக்கொள்ளாதீர்கள். கேபினட்டைப் படுக்க வைத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, வர்ணம் பூசாத இரும்பைக் கையால் ஒரு தடவை தொடுங்கள், உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் இறங்கும்.

செல் பளபளவென்று தெரியும். கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் அதன் அடியில் மறைந்திருக்கலாம், அப்படியானால் கார்டின் ஸ்க்ரூவையும் ஸ்லாட்டின் முனையில் உள்ள தாழையும் விடுவித்துக் கார்டை எடுக்க வேண்டும். செல்லின் ஓரத்தில் ஒரு சின்ன உலோகக் கொக்கி பிடித்துக்கொண்டிருக்கும், அதை நகத்தாலோ தட்டையான முனையாலோ லேசாக வெளிப்பக்கம் தள்ளினால் செல் தானே எகிறி வரும். அடியில் விட்டு நெம்பாதீர்கள். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கினால் போர்டில் மெல்லிய கோடுபோல ஓடும் செம்புத் தடம் அறுந்துவிடும், அதற்குப் பிறகு செல் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. புதுச் செல்லில் எழுத்தும் கூட்டல் குறியும் இருக்கும் பக்கம் மேலே தெரிய வேண்டும். விளிம்பைப் பிடித்து வையுங்கள், இரண்டு முகத்தையும் விரலால் அழுத்திப் பிடிக்காதீர்கள். ‘டிக்’ என்று உட்காரும்.

திறந்ததுதான் திறந்தீர்கள், ஃபேனில் இருக்கும் தூசியையும் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

புதுச் செல் போட்ட பிறகும் அதே செய்தி வந்துவிட்டதே?

முதல் தடவை வரும், வர வேண்டும். நினைவகம் காலியாகிவிட்டது, செக்சம் ஒத்துவராது. செட்டப்புக்குள் போய்த் தேதி, நேரம் வைத்து, எடுத்த படத்தைப் பார்த்து மற்ற மூன்றையும் சரிபார்த்து, எஃப்10 அழுத்திச் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். எஃப்1 அழுத்தி விண்டோஸுக்குத் தாண்டிப் போய்விட்டால் எதுவும் சேமிக்கப்படாது, மறுபடியும் கேட்கும். செல் மாற்றியும் சரியாகவில்லை என்று என்னிடம் வருபவர்கள் அனேகமாக இந்த எஃப்10ஐத்தான் விட்டிருப்பார்கள்.

மாற்றிய பிறகு விண்டோஸே வரவில்லை. நீலத்திரை வந்து ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது.

பதறாதீர்கள், எதுவும் அழியவில்லை. தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பியபோது சாட்டா மோட் மாறிவிட்டது. 2010ஐ ஒட்டி வந்த போர்டுகள் பலவற்றில் அது தானாக ஐடிஇக்குப் போய்விடும், உங்கள் விண்டோஸை ஏஹெச்சிஐயில் போட்டிருப்பார்கள், டிஸ்க்கோடு பேச முடியாமல் விண்டோஸ் நின்றுவிடுகிறது. திரையில் 7பி என்று முடியும் ஒரு எண்ணோ ‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்ற வார்த்தைகளோ இருந்தால் இதுதான். பயாஸில் ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள், முன்பு ரெய்டு என்று இருந்திருந்தால் ரெய்டுக்கு, சேமித்து வெளியே வாருங்கள்.

பூட் செய்ய டிஸ்கே இல்லை என்று சொன்னால் யூஇஎஃப்ஐ, லெகசி இரண்டில் ஒன்று மாறியிருக்கும். இருந்ததற்கு மாறானதை வைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில்தான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், ‘விண்டோஸ் கரப்ட் ஆகிவிட்டது, ஃபார்மேட் போட வேண்டும்’ என்று கேட்டுவிட்டு, இருந்ததையெல்லாம் இழந்து வருகிறார்கள். ஒரே ஒரு வரியை மாற்றினால் போதுமாக இருந்திருக்கும்.

48 இலக்க எண் கேட்டு நீலத்திரை வருகிறது, இது என்ன?

பிட்லாக்கர். டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, பயாஸ் அமைப்பு மாறியதும் வேறு யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று நினைத்துச் சாவி கேட்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து லாகின் செய்பவர்களுக்கு அந்தச் சாவி பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமித்திருக்கும், போனில் உள்ளே போய் எடுக்கலாம். இதைச் செல் மாற்றுவதற்கு முன்பே எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது எவ்வளவோ நிம்மதி. புதிய கம்ப்யூட்டர்களில் நமக்குத் தெரியாமலேயே இந்தப் பூட்டு போட்டிருக்கக்கூடும்.

புதுச் செல் போட்டு இரண்டே மாதம், திரும்பவும் ஆரம்பித்துவிட்டது.

முதலில் செல்லை அளந்து பாருங்கள். 3 வோல்ட் இருக்கிறது ஆனாலும் மறக்கிறது என்றால் பிடியில் தொடர்பு இல்லை. கடலோர ஊர்களில் இது சகஜம், உப்புக் காற்றில் பிடியின் உலோகத்தில் பச்சையாகவோ பழுப்பாகவோ படிந்துவிடும். செல்லை எடுத்துவிட்டுப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர்த் தூளை ஊதிவிட்டு, செல்போன் சர்வீஸ் கடைகளில் துடைக்க வைத்திருக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பஞ்சைத் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். கொக்கி தளர்ந்திருந்தால் ஒரு துளி உள்பக்கமாக வளைக்கலாம்.

செல் இரண்டு மாதத்தில் 2 வோல்ட்டுக்கு வந்துவிட்டது என்றால், ஒன்று பழைய சரக்கை விற்றிருக்கிறார்கள், இல்லை போர்டில் எங்கோ கசிகிறது. வேறு கடையில் நல்ல செல் வாங்கிப் போடுங்கள். அதுவும் அப்படியே தீர்ந்தால் போர்டில்தான் பழுது, அப்போது சர்வீஸ் ஆளிடம் காட்டுவதில் தப்பில்லை. இன்னொன்று, செல்லுக்குப் பக்கத்தில் மூன்று ஊசியும் அதில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடியும் இருக்கும், சிமாஸை அழிப்பதற்கான ஜம்பர் அது. யாரோ அதை அழிக்கும் இடத்திலேயே விட்டுவிட்டால் சில போர்டுகள் ஆன் ஆகாது, சில தினமும் மறக்கும்.

விண்டோஸைப் புதிதாகப் போட்டால் இந்தச் செய்தி போய்விடுமா?

போகாது. இந்தச் செய்தி வரும்போது விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அதற்கு இதைப் பற்றித் தெரியவும் தெரியாது. ஃபார்மேட் போட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு டைப்பிங் சென்டர் அக்காவிடம் போர்டே போய்விட்டது என்று சொல்லிப் புதுப் போர்டு, புது ரேம் என்று பல ஆயிரம் ரூபாய்க்கு பில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பழைய போர்டை அவர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். புதுச் செல் போட்டேன், இன்றைக்கும் ஓடுகிறது.

என் திரையில் சிபியு ஃபேன் எரர் என்று வந்து எஃப்1 கேட்கிறது.

இது வேறு, செல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஃபேன் சுற்றவில்லை அல்லது போர்டு எதிர்பார்க்கும் வேகத்தில் சுற்றவில்லை. கேபினட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள். தூசி அடைத்து நின்றிருந்தால் சுத்தம் செய்யுங்கள், கிறீச் என்று சத்தம் போட்டால் மாற்றுங்கள். நன்றாகச் சுற்றுகிறது, ஆனாலும் செய்தி வருகிறது என்றால் ஃபேனின் ஒயரை சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில் செருகாமல் பக்கத்தில் உள்ள கேபினட் ஃபேன் இடத்தில் செருகியிருப்பார்கள், சுத்தம் செய்து திரும்ப மாட்டும்போது நடக்கும் தவறு இது. நின்றுபோன ஃபேனோடு எஃப்1 அழுத்தி ஓட்டாதீர்கள், பிராசசர் சூடாகித் தானாக அணைந்து அணைந்து வரும்.

கீபோர்டு இல்லை என்று சொல்லி எஃப்1 அழுத்தச் சொல்கிறது.

ஒயரை எடுத்து வேறு யுஎஸ்பி துளையில், பின்பக்கம் உள்ளதில், செருகிப் பாருங்கள். பழைய உருண்டை பின் கீபோர்டு என்றால் ஷட்டவுன் செய்த பிறகே செருகுங்கள். ஏதாவது ஒரு கீ அமுங்கியே கிடந்தாலும் இது வரும்.

நேரம் தினமும் சரியாக ஐந்தரை மணி நேரம் தவறுகிறது, செல் மாற்றியும் அதேதான்.

சரியாக ஐந்தரை என்றால் செல் காரணமே இல்லை. ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பீர்கள். லினக்ஸ், போர்டின் கடிகாரத்தில் உலகப் பொது நேரம் இருப்பதாக எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் அதில் உள்ளூர் நேரம் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். நமக்கும் பொது நேரத்துக்கும் ஐந்தரை மணி நேர இடைவெளி, இலங்கைக்கும் அதேதான். லினக்ஸில் கடிகாரத்தை உள்ளூர் நேரமாக வைக்கும்படி அமைத்துவிட்டால் இருவரும் ஒத்துப்போவார்கள்.

எஃப்1 கேட்காமலே இருக்க பயாஸில் ஒரு அமைப்பு இருக்கிறதாமே?

இருக்கிறது. ‘வெயிட் ஃபார் எஃப்1’ என்றோ ‘ஹால்ட் ஆன்’ என்றோ இருக்கும், அணைத்துவிட்டால் எந்தப் பிழைக்கும் நிற்காது. கீபோர்டே இல்லாமல் மூலையில் ஓடும் சர்வருக்கு அது சரி. வீட்டில் செய்யாதீர்கள், மேலே சொன்ன ஹார்ட் டிஸ்க் செய்தியும் ஃபேன் செய்தியும் உங்கள் முன்னால் நிற்காமல் ஓடிப்போய்விடும். அதோடு, செத்த செல்லோடு அந்த அமைப்பை வைத்தால் ராத்திரியே அதுவும் அழிந்துவிடும்.

லேப்டாப்பிலும் இதே முறையா?

சிலவற்றில் இதே சிஆர்2032தான், ஆனால் கறுப்பு உறையில் சுற்றி, இரண்டு ஒயரும் ஒரு சின்ன இணைப்பும் வைத்து ஒட்டியிருக்கும், மாடல் எண் சொல்லி அதே மாதிரி வாங்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் இணைப்பியைப் பிடித்துக் கழற்றுங்கள். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் தனிச் செல்லே கிடையாது, பெரிய பேட்டரியிலிருந்தே கடிகாரம் ஓடும், அதனால் பல மாதம் சார்ஜ் போடாமல் பெட்டியில் வைத்திருந்து எடுத்தால் தேதி போய்விட்டது என்று சொல்வது இயல்பு. சார்ஜ் ஏற்றிவிட்டுப் பாருங்கள். பழகாதவர்கள் லேப்டாப்பைத் திறக்க வேண்டாம், தகடுக்கு அடியில் மெல்லிய ரிப்பன் ஒயர்கள் இருக்கும்.

கழற்றிய பழைய செல்லை என்ன செய்வது?

மேஜையில் வைக்காதீர்கள். இதை எழுதும்போது எனக்கு இருக்கும் ஒரே பயம் இதுதான். கம்ப்யூட்டருக்குப் போதாத செல்லிலும் ஒரு குழந்தையின் உணவுக் குழாயைப் புண்ணாக்கும் அளவுக்கு வோல்ட் மிச்சம் இருக்கும். 20 மில்லிமீட்டர் அளவு சின்னக் குழந்தையின் தொண்டைக்குக் கீழே சரியாக மாட்டிக்கொள்ளும், ஈரம் பட்டதும் கரண்ட் ஓடி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், மலத்தில் வரட்டும் என்று காத்திருக்காமல், உடனே எக்ஸ்ரே எடுக்கும் வசதி உள்ள மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள், செல்லின் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். புதுச் செல்லை அட்டையிலிருந்து எடுப்பதும் பழையதைக் கழற்றுவதும் குழந்தைகள் தூங்கிய பிறகு செய்யுங்கள்.

கழற்றியதும் இரண்டு முகத்தையும் செல்லோ டேப்பால் சுற்றி ஒட்டி, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். அடுத்த தடவை மின்கழிவு வாங்கும் இடத்துக்குப் போகும்போது கொடுத்துவிடலாம். குப்பையில் எறிந்தால் இன்னொரு உலோகத்தில் உரசித் தீப்பிடிக்கக்கூடும், எரியும் குப்பையில் போட்டால் வெடிக்கும்.